பூக்கும் முன்னே பிடுங்கிய செடி

கோணக்காட்டுப்புதூரில் சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். அந்த ஊரின் கஷ்டமே அதுதான்.

அங்கே நாச்சிமுத்து டீக்கடை வைத்திருந்தார். ஒரு பசு, ஒரு பாய்லர், இரண்டு பெஞ்சு. கொஞ்ச நாளாகப் பால் கசந்தது. டீ குடிக்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கடைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது அவருடைய கூட்டாளிகள் மூவர்தான்: காத்தமுத்து, பொம்மன், அறிவாளி என்று பெயரெடுத்த வெள்ளியங்கிரி.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "புல் இல்லாம மாடு பார்த்தீனியத்தைத் திங்குதுங்க. அதான் பால் கசக்குது. அந்தச் செடியைப் பூக்கறதுக்கு முன்னாடியே வேரோட பிடுங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நால்வரும் மேய்ச்சல் நிலத்துக்கு ஓடினார்கள். இடுப்பு உயரத்துக்குப் பார்த்தீனியம். எல்லாச் செடியிலும் வெள்ளை வெள்ளையாய்ப் பூ.

"போச்சு! பூத்துருச்சே!" என்றார் நாச்சிமுத்து.

"இனிமே இதைத் தொடக்கூடாது. டாக்டர் சொன்னது பூக்கறதுக்கு முன்னாடி" என்றார் காத்தமுத்து.

"அப்ப என் கடை?"

வெள்ளியங்கிரி தாடையைச் சொறிந்தார். "பூக்காத செடி வேணும். அவ்வளவுதானே? விதைச்சுட்டாப் போச்சு."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மூளை இத்தனை நாளாகத் தன் பெஞ்சிலேயே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறதே!

விதையை உதிர்த்து வந்து, கடைக்குப் பின்னால் பாத்தி கட்டி விதைத்தார்கள். சாணி எரு போட்டார்கள். கிளற வந்த கோழிகளை விரட்டினார்கள். நோஞ்சானாக நின்ற ஒரு செடிக்குப் பொம்மன் தன் துண்டைக் கட்டி நிழல் போட்டார்.

செடிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மொட்டு கண்ட காலையில், "இதுதான் முன்னாடி! பிடுங்குங்கப்பா!" என்று கத்தினார் நாச்சிமுத்து. ஒன்றுவிடாமல் வேரோடு வந்தது.

"இவ்வளவையும் என்ன பண்றது?" என்றார் பொம்மன்.

"பூக்காத செடி. ஒரு தப்பும் பண்ணாத செடி. மாட்டுக்குப் போடு" என்றார் வெள்ளியங்கிரி.

மறுநாள் போட்ட முதல் டீயை நாச்சிமுத்துவே குடித்தார். வேப்பெண்ணெய் தோற்றது.

"கசக்குதே!"

மூவரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார்கள்.

"பால்ல குத்தமில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே செஞ்சாச்சு" என்றார் காத்தமுத்து. "டீயில வேற என்ன போடுறீங்க?"

"சர்க்கரை."

"அது எதுல இருந்து வருது?"

நால்வரும் எழுந்தார்கள்.

மதியம் கரும்புத் தோட்டத்துக்காரர் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தபோது, பாதிக் கரும்பு வேரோடு படுத்திருந்தது. நாச்சிமுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவரை அப்படியே கட்டிப்பிடித்தார்.

"நல்ல வேளைங்க, இன்னும் பூக்கலை!"