உட்காராமல் ஓட்டு

கோவை மில் முதலாளி சென்னியப்பரிடம் ஒரு பழைய கார் இருந்தது. வாங்கிய நாளில் இருந்த அதே தோல் சீட்டு இன்னும் கிழியாமல் இருப்பதுதான் அவருக்குப் பெருமை. பழைய கார் போட்டிக்கு முந்தைய நாள், டிரைவர் பாவாத்தாளை மில் வாசலில் எல்லார் முன்னாலும் நிறுத்திக் கத்தினார்.

"நாளைக்கு வண்டி மைதானத்துக்கு வரணும். உன் அழுக்குச் சேலை அந்தச் சீட்டுல படக் கூடாது. உட்காராம கொண்டு வா. முடியலைன்னா வேலையை விட்டுப் போ!"

பாவாத்தாளுக்குச் சுருக்கென்றது. "சரிங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் இரண்டு காளைகள் காரை இழுத்து வந்தன. பாவாத்தாள் பக்கத்திலேயே நடந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது.

"என்னடி கூத்து இது?" என்று பாய்ந்து வந்தார் முதலாளி.

"சேலை படக் கூடாதுன்னீங்க. படலைங்க."

நடுவர் குறுக்கிட்டார். "வண்டி தானா ஓடினாத்தான் போட்டியில சேர்த்துக்குவோம்."

"ஏறி உட்காரு, சீக்கிரம்!" என்று முதலாளி அவள் காதருகே பல்லைக் கடித்தார்.

பாவாத்தாள் அசையவில்லை. "நேத்து எல்லார் முன்னாலயும்தானே திட்டுனீங்க? இதையும் எல்லாருக்கும் கேக்கற மாதிரி மைக்குல சொல்லுங்க. மரியாதையாச் சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் முதலாளி நடுவரின் மைக்கை வாங்கினார்.

"பாவாத்தா... ஏறி உட்காருங்க" என்று மைக் கரகரத்தது.

கூட்டம் கைதட்டியது. பாவாத்தாள் காளைகளை அவிழ்த்துவிட்டு ஏறினாள். சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள்.