முளைக்காத பாத்தி

விடையை நான் ஒளித்து வைக்கப் போவதில்லை. கதையின் நடுவழியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். அதைத் தாண்டிப் போய்விட்டு என்மேல் பழி போடாதீர்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு நூற்பாலைக் குடியிருப்பு. வீடுகளுக்குப் பின்னால் கிடந்த நிலத்தைக் குடியிருப்போர் சங்கம் இருபது பாத்திகளாகப் பிரித்து, காய்கறி போட்டுக்கொள்ள ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தது. பட்டா கிடையாது. ஒரே ஒரு விதிதான் காவல்: "பாடுபடுகிற பாத்தியை யாரும் பறிக்கக் கூடாது, ஏழு நாள் சும்மா கிடக்கிற பாத்தியைச் சங்கம் எடுத்துக்கொள்ளலாம்." நாலே நாளில் முளைக்கும் தண்டுக்கீரையை மனத்தில் வைத்து எழுதிவிட்டார்கள். கொத்தமல்லியை அவர்கள் ரசத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

புதுத் தலைவர் குருபாதத்துக்கு அந்த இடத்தில் கார் கொட்டகை போட ஆசை. ஒரு பாத்தி கையில் வந்தால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும் என்று நினைத்தார். அவர் கண் பட்டது ஆவுடைத்தாயின் பாத்தியில். பதினொரு வருடமாக அதில் விளைவதைத் தெருமுனையில் விற்றுத்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது.

ஒரு திங்கட்கிழமை அவள் பழைய கீரையைப் பிடுங்கிவிட்டு, மல்லி விதையைப் பலகையால் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தாள். பிடுங்கியதைக் குருபாதம் பார்த்தார். விதைத்ததை யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவர் நாள் எண்ணினார். பேசாமல் எண்ணியிருக்கலாம், மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு புகாரை எழுதி, கையெழுத்தும் போட்டு ஒட்டினார்: "ஆவுடைத்தாய் திங்கள் முதல் இன்றுவரை தினமும் காலை இரண்டு குடம், மாலை இரண்டு குடம் பொதுக் குழாயில் பிடித்து, பின்பக்கம் தன் பாத்தியின் வெறும் மண்ணில் ஊற்றி வீணாக்குகிறார்."

அடுத்த செவ்வாய்க்கிழமை பாத்தி ஓரத்தில் வந்து நின்றார்.

"எட்டு நாளாச்சு. ஒரு பச்சையக் காணும். பாத்தி சங்கத்துக்கு."

"மல்லி முளைக்கப் பத்து நாளு ஆவும் அண்ணாச்சி. விதை உள்ளதான் கெடக்கு."

"கெடந்தா தோண்டிக் காட்டு."

"ஒரு ஓரத்துல தோண்டுதேன்."

"அப்போ அந்த ஓரம் மட்டுந்தான் உனக்கு."

முளைவிடும் நேரத்தில் மண்ணைக் கிளறினால் விதை போய்விடும். கிளறாவிட்டால் பாத்தியே போய்விடும். ஆவுடைத்தாய்க்குக் கண் கலங்கியது. ஆனாலும் மண்வெட்டியைத் தொடவில்லை.

"தோண்ட மாட்டேன். பிள்ள இருக்கான்னு பாக்க வயித்தக் கிழிப்பாவளா?" என்றாள்.

வழக்கு சங்கச் செயலாளர் மரகதவடிவிடம் போனது. அவர் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கையெழுத்தில்லாத எதையும் நம்பாதவர். பாத்திப் பக்கம் அவர் போகவே இல்லை. பத்தாம் நாளுக்காகக் காத்திருக்கவும் இல்லை. அன்று சாயங்காலமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? பாத்தி யாருக்கு? மண்ணைத் தோண்டாமல் அதற்குச் சாட்சி யார்?

விடை: பாத்தி ஆவுடைத்தாய்க்கு. சாட்சி குருபாதமேதான். சும்மா கிடக்கிற மண்ணுக்குத் தினம் நாலு குடம் சுமக்கிற இடுப்பு எந்த ஊரிலும் இல்லை. விதி கேட்டது பச்சை தெரிகிறதா என்று அல்ல, பாடுபட்டாளா என்றுதான். திங்கள் முதல் சனி வரை பாடுபட்டாள் என்று தலைவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு செவ்வாய்க்கு மூன்றே நாள். ஏழு நாள் எங்கிருந்து வரும்? மரகதவடிவு பலகையிலிருந்து அந்தத் தாளைக் கிழியாமல் எடுத்து ஆவுடைத்தாயின் கையில் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கோம்மா. உனக்கு இதுதான் பட்டா." அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மாலைத் தண்ணீருக்குக் குடத்தை எடுத்தாள்.