இடது ஓரமாக அப்பளக் கம்பெனிக்கு

கோரைக்குளத்தில் எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான், மூன்று பேரைத் தவிர. அந்த மூன்று பேரைக் கேட்டால் தங்களைத் தவிர ஊரில் கெட்டிக்காரர்களே இல்லை என்பார்கள். ஆதிமூலம், சங்கிலி, பூவலிங்கம் என்பது அவர்கள் பெயர்.

மூவருக்கும் ஒரே நாளில் அப்பளக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனி ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர். ஆளுக்கொரு பழைய சைக்கிள் வாங்கினார்கள். விற்ற கடைக்காரர் நல்ல மனுஷர். வழியனுப்பும்போது சொன்னார்: "தம்பிகளா, ரோட்டுல எப்பவும் இடது ஓரமாவே போங்க. என்ன ஆனாலும் வலது பக்கம் மட்டும் போயிடாதீங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். இடது ஓரமாகவே போனார்கள். ஏழரை மணிக்கு அப்பளக் கம்பெனி வந்தது, வலது பக்கத்தில்.

"சங்கிலி, கம்பெனி வந்துருச்சு!" என்றான் பூவலிங்கம்.

"பாத்தேன். வலது பக்கமில்ல இருக்கு? நமக்கு வலது பக்கம் கிடையாதே."

கேட்டில் நின்ற வாட்ச்மேன் தவசி கை காட்டினார். மூவரும் பணிவாக வணக்கம் சொல்லிவிட்டு, அதே வேகத்தில் கம்பெனியைத் தாண்டிப் போனார்கள்.

பதினோரு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊர். அங்கே பஸ் ஸ்டாண்டு ரவுண்டானாவை இடது ஓரமாகவே சுற்றி, வந்த சாலையில் திரும்பினார்கள். இப்போது கம்பெனி இடது பக்கம் வந்தது. மணி மட்டும் ஒன்பதரை ஆகியிருந்தது.

மேனேஜர் சிவகடாட்சம் கடிகாரத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "நாளைக்கு எட்டு மணிக்குள்ள இங்கே இல்லைன்னா, நாளைக்கே கணக்கை முடிச்சிருவேன்" என்றார்.

மற்ற இருவருக்கும் வருத்தம்தான். ஆதிமூலத்துக்கு மட்டும் வருத்தத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. அவனுக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். 'வேலை இருந்தாத்தான் பொண்ணு' என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலமே மூவரும் பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"சீக்கிரமாக் கிளம்பினா என்ன?" என்றான் ஆதிமூலம்.

"மடையா, சீக்கிரமாக் கிளம்பினா சீக்கிரமாத் தாண்டிப் போயிருவோம். அவ்வளவுதான்" என்றான் சங்கிலி.

"கம்பெனியை இந்தப் பக்கம் கட்டச் சொல்லலாமா?" என்றான் பூவலிங்கம்.

"நாளைக்குள்ள கட்டி முடிக்க மாட்டாங்கடா."

மூவரும் பெருமூச்சு விட்டார்கள். அப்போது டீ வாங்குவதற்காகச் சங்கிலி பெஞ்சிலேயே திரும்பி உட்கார்ந்தான். அப்படியே சிலையாகிவிட்டான்.

"டேய்! இவ்வளவு நேரம் கடை எனக்கு முதுகுப் பக்கம் இருந்துச்சு. இப்ப முகத்துப் பக்கம் இருக்கு. கடை நகரவே இல்லை!"

"அதனால?"

"சைக்கிள்ல திரும்பி உக்காந்தா வலது பக்கம் இருக்கிற கம்பெனி இடது பக்கம் வந்துரும்டா!"

ஆதிமூலம் அவனைக் கட்டிப்பிடித்து அழுதான்.

மறுநாள் காலை சீட்டில் திரும்பி உட்கார்ந்தார்கள். கேரியரைப் பிடித்துக்கொண்டார்கள். ஹேண்டிலை யார் பிடிப்பது என்ற கேள்வி வந்தது. சாலை நேராகத்தானே போகிறது, அதற்கு எதற்கு ஹேண்டில் என்று அதைக் கயிற்றால் கட்டிவிட்டார்கள். பின்னால் மிதித்தால் சைக்கிள் முன்னால் போனது. பெல் கைக்கு எட்டாததால் வாயாலேயே 'டிங் டிங்' என்றார்கள்.

இடது கைப் பக்கமாகவே போனார்கள். அதாவது, எதிரே லாரியும் பஸ்ஸும் வருகிற பக்கம். அவற்றை இவர்கள் பார்க்கவில்லை. ஆகவே பயப்படவும் இல்லை.

ஒரு பஸ் டிரைவர் சடன் பிரேக் போட்டுத் தலையை வெளியே நீட்டினார். "யோவ்! எங்கேய்யா பாத்து ஓட்டுறீங்க?"

"வந்த வழியைப் பாத்துத்தாண்ணே!" என்றான் பூவலிங்கம் மரியாதையாக.

பெருங்காய வாசனை வந்ததும் கம்பெனி வந்துவிட்டது என்று தெரிந்தது. பிரேக் ஹேண்டிலில் இருந்ததால் மூவரும் கீழே விழுந்து நின்றார்கள். எழுந்தபோதும் முகத்தைத் திருப்பவில்லை. திரும்பினால் கம்பெனி மறுபடியும் வலது பக்கம் போய்விடுமே! சைக்கிளை இழுத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடியே, பின்பக்கமாக நடந்து கேட்டுக்குள் போனார்கள்.

வாட்ச்மேன் தவசியிடம் மேனேஜர் ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார். "ரோட்டைப் பாத்து முகம் இருந்தா வெளியே போறவன். கம்பெனியைப் பாத்து முகம் இருந்தா உள்ளே வர்றவன். நீ யோசிக்கவே வேண்டாம், எழுதினாப் போதும்" என்று சொல்லியிருந்தார். தவசி யோசிக்கவில்லை. 'ஏழு ஐம்பது. மூன்று பேர் வெளியே' என்று எழுதினார்.

எட்டு மணிக்கு மேனேஜர் நோட்டைப் பார்த்தார். நேற்று சாயங்காலம் வெளியே போனவர்கள் இன்று காலையும் வெளியே போயிருக்கிறார்கள். அப்படியானால் நடுவில் எப்போதோ வந்து விடிய விடிய வேலை பார்த்திருக்க வேண்டும்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மூவரும் எதிரிலேயே நின்றார்கள்.

"இன்னும் வீட்டுக்குப் போகலையா? போய்த் தூங்குங்கப்பா! உங்களை நிரந்தரமாக்கிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து ஆர்டரை வாங்கிக்கங்க" என்றார்.

ஆதிமூலத்துக்குக் கல்யாண மேளமே காதில் கேட்டது.

"எப்படி வந்தமோ அப்படியே போவோம். மாத்தினா வேலையும் மாறிப் போயிரும்" என்றான் சங்கிலி. ஆகவே பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்கள். இப்போது முகம் கம்பெனியைப் பார்த்து இருந்தது. தவசி எழுதினார்: 'எட்டே கால். மூன்று பேர் உள்ளே.'

சாயங்காலம் மேனேஜர் ஆர்டரும் கையுமாக நோட்டைப் புரட்டினார். காலையில் உள்ளே போன மூன்று பேரும் வெளியே வரவே இல்லை! கம்பெனி அமளிதுமளிப்பட்டது. மாவு டிரம்முக்குள் தேடினார்கள். அப்பளக் கூடைகளைக் கவிழ்த்துத் தேடினார்கள்.

ஐந்தே முக்காலுக்கு மூவரும் வழக்கம்போல் பின்பக்கமாகக் கேட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

"என்னண்ணே இத்தனை கூச்சல்?" என்றான் ஆதிமூலம்.

"மூணு பேரைக் காணோம்ப்பா. கோரைக்குளத்துக்காரங்க" என்றார் தவசி, 'மூன்று பேர் வெளியே' என்று எழுதிக்கொண்டே.

"ஐயையோ, நம்ம ஊரா! பேரு என்ன?"

"ஆதிமூலம், சங்கிலி, பூவலிங்கம்."

ஆதிமூலம் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஆதிமூலம் கிடைக்கலேன்னா என் கல்யாணம் நின்னுருமே! வாங்கடா, தேடுவோம்!" மூவரும் உள்ளே ஓடினார்கள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வேறு வழியாகக் கேட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தார். "அட, இப்பத்தான் வெளியே போயிருக்காங்க!" என்று நிம்மதியாக மூச்சு விட்டார். எல்லாரையும் கூப்பிட்டு அனுப்பிவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

உள்ளே, அப்பளம் காயும் கூடத்தில் ஆதிமூலம் தொண்டை கிழியக் கத்தினான். "ஆதிமூலம்! ஏய் ஆதிமூலம்! எங்கேடா இருக்கே?"

யாரும் பதில் சொல்லவில்லை. பாவம், எத்தனை நேரம்தான் ஒருவன் கூப்பிடுவான் என்று அவனுக்கே மனசு கேட்கவில்லை. "இங்கேதான் இருக்கேன்!" என்றான்.

மற்ற இருவரும் துள்ளிக் குதித்தார்கள்.

"ஒருத்தன் கிடைச்சுட்டான்! வாடா, இன்னும் ரெண்டு பேர்தான்!"