மானின் முழங்காலும் கடைசிப் பாட்டும்

ஒரு காட்டில் கோடை வந்தால் ஆறு வற்றிவிடும். ஒரே ஒரு மடுதான் மிஞ்சும். அதில் காலையில் தெளிந்த தண்ணீரைக் குடிப்பது யார், மாலையில் கலங்கிய தண்ணீரைக் குடிப்பது யார்? அதற்காக இக்கரை விலங்குகளும் அக்கரைக் குரங்குகளும் சண்டை போடுவதில்லை, குழந்தைகளே. சடுகுடு ஆடும். ஜெயித்த பக்கத்துக்குக் கோடை முழுவதும் காலைத் தண்ணீர்.

இக்கரையின் பெருமை புள்ளிமான். ஓடுகிற வேகத்திலேயே பின்னங்காலை ஊன்றிச் சட்டென்று திரும்பும். பிடிக்க வந்த குரங்குகள் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்.

அந்த வருடம் ஆட்டம் சமமாக நின்றது. கடைசிப் பாட்டு ஒன்றுதான் பாக்கி. "சடுகுடு சடுகுடு" என்று மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு மான் குரங்குகளின் பக்கம் பாய்ந்தது. பின்னங்காலை ஊன்றியது. குளம்பு ஈர மண்ணில் புதைந்துகொண்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை.

முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி மான் மண்ணில் கிடந்தது. முழங்கால் விளாம்பழம் போல வீங்கியது.

"எட்டு நாள் தருகிறோம்," என்றது குரங்குத் தலைவன். "கடைசிப் பாட்டை அப்புறம் பாடுங்கள். அதற்குமேல் ஒரு பொழுதுகூடக் கிடையாது."

எட்டாம் நாள் காலையில் வீக்கம் வடிந்திருந்தது. வலியும் இல்லை. "நான் ரெடி!" என்று துள்ளியது மான்.

கிளையில் கூடு பின்னிக்கொண்டிருந்த தூக்கணாங்குருவி எட்டிப் பார்த்தது. "மாப்பிள்ளை, உன் முழங்காலும் ரெடியா?"

"வலிக்கவே இல்லை, மச்சான்."

"வலி போய்விடும். உள்ளே அறுந்த நார் சேர்ந்துவிட்டதா?"

"நாரா? என்ன நார்?"

குருவி இரண்டு குச்சிகளை முனையோடு முனை வைத்து நாரால் கட்டியது. "இது தொடை எலும்பு, இது கீழ்க்கால் எலும்பு. இரண்டையும் பிடித்து வைத்திருப்பது நார்தான். பக்கத்துக்கு ஒன்று, நடுவில் குறுக்காக இரண்டு. மடக்கு, நீட்டு, ஒன்றும் ஆகாது. ஒரு முனையை ஊன்றிக்கொண்டு மறுமுனையை முறுக்கினால்..."

முறுக்கியது. குறுக்கு நார் ஒன்று 'டப்' என்று அறுந்தது.

"உனக்கு யார் வைத்தியம் சொல்லிக்கொடுத்தது?"

"என் வீட்டுக்காரிதான். நான் கட்டிய இரண்டு கூட்டையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, உறுதி இல்லை என்று தள்ளிவிட்டாள். நார் எங்கே அறும் என்பது இப்போது எனக்கு அத்துப்படி."

"நான் போகாவிட்டால் நம் குட்டிகள் கோடை முழுக்கச் சேற்றைத்தான் குடிக்கும், மச்சான்!"

"சரி, போ. போவதற்கு முன் அந்தச் சருகுக் குவியல் வரை நடந்துபோய், மெதுவாக ஒரு திருப்பம் திரும்பிக் காட்டு."

நேராக நடந்தபோது கால் சொன்னபடி கேட்டது. திரும்பியதும் முழங்கால் நழுவியது. மான் சருகுக்குள் பொத்தென்று விழுந்தது.

காதில் சருகோடு எழுந்த மான், "அப்படியானால் யார்தான் பாடுவது?" என்றது.

மடுவிலிருந்து ஒரு தலை நீண்டது. ஆமை. "நான் போகிறேன் அண்ணே. ஓடத் தெரியாது. மூச்சுப் பிடிக்கத் தெரியும்."

ஆமையைக் கண்டதும் களத்தில் நின்ற ஏழு குரங்குகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. "வாங்க வாங்க! திரும்பிப் போக வண்டி கட்டவா?"

ஆமை நடுக்கோட்டைத் தாண்டி, உடனே திரும்பிக்கொண்டு, பின்பக்கமாக ஓரடி நகர்ந்தது. முகம் கோட்டைப் பார்த்தபடி அப்படியே நின்றது. "சடு...குடு... சடு...குடு..." பாட்டு நிற்கவில்லை.

குரங்குகள் கொஞ்ச நேரம் பார்த்தன. கொட்டாவி விட்டன. அதற்குமேல் பொறுக்கவில்லை. "அமுக்குங்கடா!" என்று ஏழும் ஒன்றாக ஓட்டின்மேல் விழுந்தன.

ஆமை அசையவில்லை. பாடிக்கொண்டே கழுத்தை மட்டும் நீட்டியது. நீட்டியது, இன்னும் நீட்டியது. மூக்கு கோட்டைத் தொட்டது!

சடுகுடுவில் பிடிபட்டவர் மூச்சு விடாமல் கோட்டைத் தொட்டால், பிடித்த அத்தனை பேரும் அவுட்.

மறுநாள் காலை குட்டிகள் தெளிந்த தண்ணீர் குடித்தன. ஓரமாக நொண்டி நின்ற மானும் குடித்தது. குருவியின் மூன்றாவது கூட்டை வீட்டுக்காரி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாப்பிள்ளை, நாளைக்கு ஓடலாமா?"

"நேராக நடக்கலாம் மச்சான். திருப்பத்தை நீ சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம்."

நீதி: வலி நின்றதும் காயம் ஆறிவிட்டது என்று எண்ணாதே, ஆறும்வரை பொறுத்திருப்பவனே மறுபடியும் ஓடுவான்.