ஆவணியில் கையெழுத்தான ஆணை

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடர் குணசீலனுக்கு அறுபது. ஒரு மாவட்டத்தின் தொழில் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து, ஓய்வு பெற்ற மறுமாதமே ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர். குரு அவரை ‘ஐயா’ என்பார். அவர் குருவை ‘சாமி’ என்பார்.

ஒருநாள் காலை, குணசீலன் வாசலைப் பெருக்கி முடித்துவிட்டு வந்து குருவின் எதிரில் உட்கார்ந்தார்.

“சாமி, ஒரு கேள்வி.”

“கேளுங்க ஐயா.”

“ரெக்சலின்னு ஒரு பொண்ணு. கடற்கரை ஊரு. மழைக்காலத்துலயும் கருவாடு காய வைக்க சூரிய உலர்த்தி ஒண்ணு தானே செஞ்சிருந்தா. புதுத் தொழிலுக்கு அரசாங்கம் தர்ற மானியத்துக்கு எழுதிப் போட்டா. அந்தப் பணம் வந்தா, ஊர்ல பதினோரு பொம்பளைங்களுக்கு வேலை.”

“வந்துச்சா?”

“ஆவணியிலயே ஆணை தயார். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“நல்லது.”

“விழாவுல கொடுக்கலாம்னு பீரோவுல வச்சேன்.”

இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அது வழக்கம். ஆணையை மேடையில், அமைச்சர் கையால், போட்டோ எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுவரை பயனாளியிடம் மூச்சு விடக் கூடாது. அமைச்சருக்குத் தேதி ஒத்து வரவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. பிறகு பந்தல் போட வேண்டிய மைதானத்தில் முழங்கால் தண்ணீர்.

“அவ வந்து கேக்கலையா?”

“வாரா வாரம் வந்தா. பரிசீலனையில இருக்கும்மான்னு சொன்னேன்.”

அலுவலகத்துக்குள் இந்தச் சொல்லுக்குத் தனியாகப் பொருள் எதுவும் கிடையாது. வெளியே நிற்பவர்களுக்கு ‘இல்லை’ என்று பொருள். ரெக்சலினும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். கார்த்திகையில், இரண்டு வயதுப் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். மற்ற பெண்கள் ஆளுக்கொரு மில்லுக்குப் பிரிந்தார்கள்.

தை மாதம் விழா நடந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தாய் மேடையேறினாள். கை தட்டினார்கள்.

“அந்த அம்மா இறங்கி நேரா என்கிட்ட வந்தாங்க, சாமி. ‘ஆவணின்னு தேதி போட்டிருக்கே ஐயா, அப்பவே கெடைச்சிருச்சா? இத நான் அவகிட்ட சொல்லட்டா, வேண்டாமா? சொன்னா அங்க அவளுக்குச் சோறு எறங்காது. ரெண்டு வருசம் முடியாம வரவும் விட மாட்டாங்களாம்’னு கேட்டாங்க. இன்னமும் போன் பண்றாங்க. என்ன சொல்லட்டும்?”



“பௌர்ணமிக்கு எல்லாரும் வருவாங்க. அன்னைக்குச் சொல்றேன், ஐயா.”

பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருந்தது. குணசீலன் முப்பத்து நான்கு வருடம் மற்றவர்களைக் காக்க வைத்தவர். தான் காத்திருந்து பழக்கமில்லை. நாலாம் நாளே முகம் ஒட்டிப் போயிற்று. நடுவில் அந்தத் தாயிடமிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. எடுக்கவில்லை.

பௌர்ணமியும் வந்தது. ஊர் கூடியது. குரு வேறு எதையெதையோ பேசினார். கூட்டம் கலைந்ததும் குணசீலன் முன்னால் போய் நின்றார்.

“சாமி, என் கேள்வி?”

“அடுத்த பௌர்ணமிக்குப் பார்ப்போம்.”

அறுபது வயது மனிதர் குழந்தையைப் போல உடைந்து அழுதார்.

“இது நியாயமா, சாமி? பதிலை வச்சுக்கிட்டு என்னை ஏன் இப்படி அலைய விடறீங்க? தெரிஞ்சதை இப்பவே சொன்னா என்ன குறைஞ்சிடும்?”

குருவுக்கும் கண் கலங்கியிருந்தது.

“எனக்குப் பதில் தெரியலை, ஐயா. அதனாலதான் தள்ளிப் போட்டேன். நீங்க தெரிஞ்சு வச்சுக்கிட்டுத் தள்ளிப் போட்டீங்க.”