உப்புப் பாயசம்

மருதூர் அரசர் தம் அல்லிக்குளத்தை நிரப்புவதற்காக ஏரி மதகை அடைக்க எண்ணினார். அமைச்சர் எழுவரும் தலையாட்டினர்.

"எங்கள் ஊர் வயல் காய்ந்துவிடும், மகாராஜா," என்றாள் அரண்மனைச் சமையற்காரி செங்கமலம்.

"ஏழு பேர் அறிவைவிட உன் அறிவு பெரிதோ? நாளைக்குள் நிரூபி. இல்லையேல் நாட்டைவிட்டுப் போ."

மறுநாள் விருந்தில், வழக்கப்படி அரசர் முதலில் பாயசம் பருகி, "அமிர்தம்," என்றார். அமைச்சர்களும் பருகி, "அமிர்தமேதான்," என்றனர்.

"அவர்கள் கிண்ணங்களில் உப்புத்தான் போட்டேன், மகாராஜா. தாங்களே சுவைத்துப் பாருங்கள்," என்றாள் செங்கமலம்.

சுவைத்த அரசர் முகம் சுளித்தார், பிறகு சிரித்தார். "இனி நான் கடைசியில் பேசுகிறேன். மதகைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள், அமைச்சர்களே."

முதன்முறையாக ஐந்து தலைகள் மறுத்து அசைந்தன. மதகு திறந்தே இருந்தது.

தலைவன் சொல்லின் பக்கம் சாய்வது மனித மூளையின் இயல்பு. ஆகவே, தலைமை ஏற்போரே, கடைசியில் பேசப் பழகுங்கள். உண்மை தானே உங்களைத் தேடி வரும்.