நாணல் திரும்பிய நாள்

அந்தக் காலத்தில் காட்டில் யாரும் யாரோடும் பேசலாம். பேசிப் பேசியே பாதிப் பேர் அலுத்துப்போயிருந்தார்கள்.

வேட்டைக்காரன் கோடனும் அப்படித்தான். அவன் நாணலில் அம்பு செய்வான். வெட்டிய செடியைத் தலைகீழாகத் திருப்புவது அவன் ஆட்களுக்குள் பெரிய அவமரியாதை. அதனால் நாணலின் மெலிந்த தலைப்பக்கத்தில்தான் முனையைக் கட்டுவான். கனமான வேர்ப்பக்கம் பின்னால் போய்விடும். அம்பு ஆடி ஆடிப் பறந்து, தோலைக் கீறிவிட்டு விழும். கருங்காலிக் கம்பிலும் செய்து பார்த்தான். அது கனம் தாங்காமல் பாதி வழியிலேயே தரையில் குத்தியது. வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை.

அன்று ஒரு கிழட்டுக் காட்டுப்பன்றி அவன் முன்னால் வந்து உட்கார்ந்தது. உடம்பெல்லாம் ஆறாத கீறல், ஈ மொய்த்தது.

“பதினோரு அம்பு, கோடா. எல்லாம் உன்னோடதுதான். ஒண்ணுகூட உள்ள போகல. படுத்தா எரியுது, நடந்தா எரியுது. என்னால முடியலடா. கொல்றதா இருந்தா ஒழுங்காக் கொல்லு.”

“நான் என்ன, வேணும்னேவா செய்றேன் பெரியவரே?” கோடனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நாங்க முட்டும்போது பாத்திருக்கேல்ல? கனமெல்லாம் முன்னால தலையில இருக்கும். அதான் எதையும் கிழிச்சுக்கிட்டுப் போறோம். கம்பைத் திருப்பிக் கட்டு.”

கோடன் ஓடைக்கரைக்குப் போய் நாணலிடம், தலைகீழாகத் திருப்பிக் கட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“தலை பின்னால இருந்தா போற எடம் எனக்குத் தெரியாதேப்பா,” என்றது நாணல்.

“தெரியாம இருக்கிறதே நல்லது, ஆத்தா.”

நாணல் தலையைக் குனிந்துகொண்டது. கோடன் வெட்டினான். கம்பைத் திருப்பி, தடித்த வேர்ப்பக்கத்தில் முனையைக் கட்டினான். கூடவே வந்திருந்த பன்றி விலாவைக் காட்டி நின்றது. அம்பு கொஞ்சமும் ஆடவில்லை. பாதிக் கம்புவரை உள்ளே இறங்கியது.

“அப்பாடா,” என்று பன்றி காலை மடித்துப் படுத்தது.

கோடன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். பிறகு பசி தாங்காமல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

புதர்மறைவில் மானும் முயலும் மிளாவும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தன. தங்களை எப்படிக் கொல்வது என்று தங்களில் ஒருவரே சொல்லிக்கொடுத்துவிட்டார். பன்றியின் மேல் கோபப்படவும் அவற்றால் முடியவில்லை, பாவம், அது பட்ட பாடு அப்படி.

அன்று முதல்தான் அம்பின் முனை வேர்ப்பக்கத்தில் ஏறுகிறது, கரையில் நாணல் தலைகுனிந்து நிற்கிறது. விலங்குகளும் மனிதனைக் கண்டால், எவ்வளவு வலித்தாலும், ஒரு வார்த்தை பேசாமல் ஓடிவிடுகின்றன.